பாடியவர் ஒருவர், உடையவர் ஒருவர்

இசைத்தட்டு ஒன்றை விலை கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். உறையின்மீது பாடகரின் படம் இருக்கிறது. பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. ஆகவே அந்தப் பாட்டு அவருக்குச் சொந்தம் என்று எண்ணிக்கொள்கிறோம். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. பாட்டின் சொல்லும் மெட்டும் ஒரு சொத்து. அதனை ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட அறையில், ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலி மற்றொரு சொத்து. முன்னது இயற்றியவருக்கோ, அவரிடமிருந்து உரிமை பெற்ற பதிப்பகத்தாருக்கோ உரியது. பின்னது பெரும்பாலும் பதிவுக்குப் பணம் போட்ட கம்பெனிக்கு உரியது. எல்லாப் பிரதிகளும் பிறப்பதற்குக் காரணமான அந்த முதற்பதிவைத் தாய்ப்பதிவு என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் அதற்கு 'மாஸ்டர்' என்று பெயர். இச்சொல்லை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அது தேவைப்படும்.

கம்பெனி பாடகருக்குக் கொடுக்கும் பணம் சம்பளம் அன்று, முன்பணம். விற்பனையில் பாடகருக்குச் சேரவேண்டிய சிறு பங்கிலிருந்து அம்முன்பணமும் பதிவுச் செலவும் கழிக்கப்படும். கழித்து முடிந்த பிறகே அவர் கையில் காசு சேரும். இதுவரை நாம் அறிந்த கடன் கணக்குத்தான். வேறுபாடு என்னவெனில், கடன் தீர்ந்தாலும் இங்கே அடைமானம் மீளாது. வீட்டின்மேல் வாங்கிய கடனைக் கட்டி முடித்தவனிடம் பத்திரம் திரும்பி வருகிறது. பதிவுச் செலவைத் தம் பங்கிலிருந்தே கட்டி முடித்த பாடகரிடம் தாய்ப்பதிவு திரும்பி வருவதில்லை. அமெரிக்காவில் நெடுங்காலமாக வழங்கிய ஒப்பந்தங்களின் பொது இயல்பு இதுவேயாகும்.

இந்த ஏற்பாட்டோடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மல்லாடியவர் பிரின்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகர். அவர் 1958-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரில் பிறந்தார். ஏறக்குறைய என் வயதினர். தந்தை ஜாஸ் பியானோ வாசித்தவர். மேடையில் அவர் வைத்துக்கொண்ட பெயரையே மகனுக்கும் இட்டார். ஆகவே 'பிரின்ஸ்' என்பது புகழ் வந்தபின் சூட்டிக்கொண்ட பட்டம் அன்று. பெற்றோர் இட்ட பெயர். அவர் மேடையில் அணிந்த உடையும், சில பாடல்களில் மறைவின்றி வெளிப்படும் சிருங்காரமும் எல்லோருக்கும் உவப்பானவை அல்ல. எனக்கும் அவற்றில் சில உவப்பில்லை. ஆயினும் அவருடைய இசைப்புலமையை மறுத்தவர் எவரும் இலர்.

அவர் பத்தொன்பது வயதில், 1977-ஆம் ஆண்டில், வார்னர் பிரதர்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். அந்த வயதில் கைக்கு வந்த ஒப்பந்தத்தை எந்த இளைஞனும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவான். கம்பெனியார், அனுபவம் மிக்க ஒருவரை மேற்பார்வைக்கு அமர்த்த விரும்பினர். 'எர்த், விண்ட் அண்ட் ஃபயர்' என்னும் புகழ்பெற்ற குழுவின் தலைவர் மாரிஸ் ஒயிட்டின் பெயர் அடிபட்டது. இளைஞர் மறுத்துவிட்டார். தம் இசையைத் தாமே அமைப்பதாக உறுதியாக நின்றார். 1978-இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பின் உறையில், இயற்றியவர், அமைத்தவர், வாசித்தவர் எல்லாம் அவரே என்று அச்சிடப்பட்டது. அவர் வாசித்தனவாக 27 இசைக்கருவிகள் அங்கே பெயர் பெற்றுள்ளன. அந்தத் தட்டு பெரிதாக விற்கவில்லை. ஆயினும் போராட்டத்தின் முதற்படி அதுவே. கலை வேலையில் பிறர் கை புகக்கூடாது என்பதை அவர் அன்றே பெற்றுவிட்டார். அந்த வேலையால் விளைந்த பண்டம் யாருக்கு உரியது என்னும் கேள்வி அப்போது அவர் மனத்தில் எழுந்ததாகத் தெரியவில்லை.

ஒருவரே எல்லாக் கருவிகளையும் வாசிப்பது எப்படி என்று கேட்கலாம். அக்காலத்து ஒலிப்பதிவுக்கூட நாடா இரண்டு அங்குல அகலமுடையது. அதன்மேல் 24 தடங்கள் இருந்தன. ஏரிக்கரை வயலில் பாத்தி பிரித்தாற்போல ஒன்றோடொன்று கலவாமல் இணையாக ஓடுவன. முதல் தடத்தில் தாளத்தைப் பதிவு செய்துவிட்டு, அதனைக் காதில் வாங்கிக்கொண்டே அடுத்த தடத்தில் கிதாரை வாசிக்கலாம், பிறகு பியானோ, பிறகு குரல். பொறுமையும் தாளக்கட்டும் உள்ள ஒருவர் இவ்வாறு தனியே ஒரு குழுவாகிவிடலாம். பிரின்ஸுக்கு இரவு பகல் என்னும் வேறுபாடு இல்லை. ஒரே மூச்சில் ஒரு பாட்டைத் தொடங்கி முடித்து, உறங்காமல் அடுத்ததைத் தொடங்குவது அவர் வழக்கம். கம்பெனிக்கு ஓர் ஆண்டில் ஒரு தொகுப்புப் போதும். இவரோ ஓர் ஆண்டில் பல தொகுப்புகளுக்கு வேண்டிய பாடல்களைப் பதிவு செய்தார். எஞ்சியவை எங்கே போகும்?

அவை ஒரு பெட்டகத்துக்குப் போயின. 1983-இல் அவரிடம் ஒலிப்பதிவாளராகச் சேர்ந்த சூசன் ராஜர்ஸ் என்னும் அம்மையார், இங்குமங்கும் சிதறிக் கிடந்த நாடாக்களைத் தேடிச் சேர்க்கத் தொடங்கினார். மினியாபொலிஸை அடுத்த சான்ஹாசன் என்னும் ஊரில் 1987-இல் 'பெய்ஸ்லி பார்க்' என்னும் ஒலிப்பதிவு மாளிகை திறக்கப்பட்டது. அதன் கீழ்த்தளத்தில் வங்கியின் பாதுகாப்பறை போன்ற ஓர் அறை அமைந்தது. வெளியுலகம் கேட்டறியாத பிரின்ஸ் அங்கேதான் இருந்தார் என்று சொன்னால் மிகையாகாது.

1984-இல் 'பர்ப்பிள் ரெயின்' என்னும் திரைப்படமும் அதன் இசையும் வெளிவந்து அவரை உலகம் அறியச் செய்தன. அத்தொகுப்பு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 24 வாரம் முதலிடத்தில் நின்றது. அதன் இசைக்கு ஆஸ்கர் பரிசும் கிடைத்தது. எல்லோரும் அறிந்த இப்பகுதியைக் கடந்து, அறியாத பகுதிக்கு வருவோம்.

1986-ஆம் ஆண்டு அவருடைய பெட்டகத்தின் வரலாற்றில் மிக வளமான ஆண்டு. முதலில் தம் குழுவினரோடு சேர்ந்து 'டிரீம் ஃபாக்டரி' என்னும் இரட்டைத்தட்டுத் தொகுப்பை உருவாக்கினார். குழு கலைந்தது, தொகுப்பும் கைவிடப்பட்டது. அடுத்து 'கமீல்' என்னும் பெயரில் கற்பனைப் பாடகர் ஒருவரைப் படைத்தார். நாடாவை மெதுவாக ஓடவிட்டுப் பாடினார். பின்னர் அதனை இயல்பான வேகத்தில் ஓட்டியபோது குரல் உயர்ந்து, ஆணோ பெண்ணோ என்று துணிய முடியாத ஒரு புதுக்குரலாயிற்று. 33 சுற்றில் ஓடவேண்டிய தட்டைத் தவறி 45-இல் ஓடவிட்டுச் சிரித்தவர்களுக்கு இந்த விந்தை எளிதில் விளங்கும். அவர்கள் சிரித்ததோடு விட்டுவிட்டனர். இவர் அதைக் கலையாக்கினார். இந்தத் தொகுப்பும் வெளிவரவில்லை. பின்னர் இவ்விரண்டிலுமிருந்து பாடல்களை எடுத்து, புதியவற்றையும் சேர்த்து, 22 பாடல் கொண்ட 'கிரிஸ்டல் பால்' என்னும் மூன்று தட்டுத் தொகுப்பைக் கம்பெனியிடம் கொடுத்தார். மூன்று தட்டுகள் விலை போகா என்று கம்பெனியார் மறுத்தனர். மனக்கசப்போடு 16 பாடல்களாகக் குறைத்து இரண்டு தட்டுகளாக்கினார். அதுவே 1987 மார்ச்சில் வெளிவந்த 'சைன் ஓ த டைம்ஸ்'.

அறிஞர் பலர் அவருடைய தலைசிறந்த படைப்பு என்று போற்றுவது இந்தக் குறைக்கப்பட்ட தொகுப்பையே. ஆகவே கம்பெனியின் தலையீடு எப்போதும் கேடு என்று நான் சொல்ல மாட்டேன். மாணவன் எழுதிய நாற்பது பக்கக் கட்டுரையை இருபதாகச் சுருக்கச் சொல்லும் ஆசிரியன் அவனுக்குப் பகைவன் அல்லன். ஆனால் எதை விடுவது, எதை வைப்பது என்று தேர்ந்தவர் பிரின்ஸ்தாம் என்பதையும் மறத்தலாகாது.

அதே 1987-இல் வேறு பெயரில் அவர் செய்த வேலை இன்னும் சுவையானது. 'மேட்ஹவுஸ்' என்னும் குழுவின் பெயரால் இரண்டு தொகுப்புகள் வெளிவந்தன. முதலாவதன் பெயர் 8. இரண்டாவதன் பெயர் 16. பாட்டு இல்லை, முழுவதும் ஜாஸ் சார்ந்த கருவியிசை. ஒவ்வோர் உருப்படிக்கும் பெயருக்குப் பதிலாக எண்ணே உண்டு. முதல் தொகுப்பில் ஒன்று முதல் எட்டுவரை, அடுத்ததில் ஒன்பது முதல் பதினாறுவரை. எரிக் லீட்ஸ் என்பவர் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசித்தார். முதல் தொகுப்பில் மற்றக் கருவிகளை எல்லாம் வாசித்தவர் பிரின்ஸ். ஆனால் உறையில் அவர் பெயர் இல்லை. கூச்சலும் ஆட்டமுமே அவர் இசை என்று எண்ணுவோர், 8 என்னும் அந்தத் தொகுப்பின் முதல் உருப்படியை ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். புகழ் வேண்டாம், வேலை நடந்தால் போதும் என்னும் மனநிலை அதில் தெரிகிறது.

ஆண்டு முடிவதற்குள் மற்றொன்றும் நிகழ்ந்தது. டிசம்பர் 8-ஆம் நாள் ஒரு தொகுப்பு வெளிவருவதாக இருந்தது. உறை முழுக்கக் கறுப்பு. பாடகர் பெயரும் இல்லை, தொகுப்பின் பெயரும் இல்லை. அதனால் மக்கள் அதனைக் 'கறுப்புத் தட்டு' என்றே வழங்கினர். சுமார் 5 இலட்சம் பிரதிகள் அச்சாகி விற்பனைக்கு ஆயத்தமாகிவிட்டன. வெளியீட்டுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் இருக்கையில் பிரின்ஸ் அதனை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார். அதில் உள்ள சினமும் கொடுமையும் தம்மைப் பற்றிய கடைசிச் சொல்லாக நின்றுவிடலாகாது என்னும் அச்சம் அவருக்கு வந்துவிட்டது. கம்பெனியும் இணங்கிப் பிரதிகளை அழித்தது. தப்பிய சில பிரதிகளிலிருந்து கள்ளப் பிரதிகள் பெருகி உலகெங்கும் பரவின. பின்னாளில் அவர் 'கொடியவர்' என்று சுட்டிய அதே கம்பெனி, அன்று பெரும் நட்டத்தைப் பொறுத்து அவர் சொல்லைக் காத்தது என்பதை நேர்மை கருதிச் சொல்லவேண்டியிருக்கிறது. வெளியிடும் உரிமையைப் போலவே வெளியிடாமல் வைக்கும் உரிமையும் கலைஞனுக்கு உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

1992-இல் புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன் மதிப்பு 10 கோடி டாலர் என்று விளம்பரம் செய்யப்பட்டது. உள்ளே நிபந்தனைகள் இருந்தன. ஒரு தொகுப்புக்கு 1 கோடி டாலர்வரை முன்பணம் உண்டு. ஆனால் முந்தைய தொகுப்பு 50 இலட்சம் விற்றிருக்கவேண்டும் என்று அப்போது செய்திகள் வந்தன. இங்கே முரண்பாட்டின் வேர் தெரிகிறது. அவ்வளவு விற்கவேண்டுமானால் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே நீண்ட இடைவெளி வேண்டும். பிரின்ஸுக்கோ இடைவெளி என்பது சிறை. ஆண்டுக்குப் பல தட்டுகளை இறக்கினால் ஒன்றன் விற்பனையை மற்றொன்று கெடுக்கும் என்றனர் கம்பெனியார். வாணிகக் கணக்கில் அது சரி. எழுதியதை எழுதியவுடனே மக்களிடம் சேர்க்க வேண்டும் என்றார் அவர். கலைக் கணக்கில் அதுவும் சரி. இதனோடு தாய்ப்பதிவுகள் யாருடையவை என்னும் பழைய கேள்வியும் சேர்ந்துகொண்டது.

1993 ஜூன் 7, தம் 35-ஆம் பிறந்தநாளில், பிரின்ஸ் என்னும் பெயரைத் துறப்பதாக அறிவித்தார். ஆண், பெண் ஆகிய இரு பாற்குறிகளும் ஒன்றாய்ப் பின்னிய ஓர் உருவத்தைப் பெயராக வைத்துக்கொண்டார். அதற்கு உச்சரிப்பே இல்லை. பத்திரிகைகள் அச்சிடுவதற்கென்று அவ்வுருவத்தைக் கணிப்பொறித் தகட்டில் பதித்து அனுப்பவேண்டியிருந்தது. பெற்றோர் இட்ட பெயரையே கம்பெனி வாணிகக் குறியாக ஆக்கிவிட்டது என்பது அவர் முறையீடு. அடுத்துவந்த நாட்களில் கன்னத்தில் 'அடிமை' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டு மேடையேறினார்.

நகைத்தவர் பலர். கோடிக்கணக்கில் பணம் பெறுபவன் தன்னை அடிமை என்பதா என்று கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அவர் கறுப்பின மக்களுள் ஒருவர். அச்சொல் அவர் முன்னோர் முதுகில் வடுவாகப் பதிந்த சொல், விளையாட்டுக்கு எடுத்தாளக்கூடியதன்று. இப்போது 'மாஸ்டர்' என்னும் சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் தாய்ப்பதிவுக்கும் அதுவே பெயர். அடிமையை உடைய எசமானனுக்கும் அதுவே பெயர். தாய்ப்பதிவு தன் கையில் இல்லாதவனுக்கு, அது யார் கையில் உள்ளதோ அவரே எசமானர் என்னும் கருத்துப்பட அவர் பேசினார். ஹெட்மாஸ்டர் என்று பல ஆண்டுகள் அழைக்கப்பட்ட எனக்கு, அச்சொல்லின் இந்த முகம் சற்று உறுத்தவே செய்கிறது.

ஒப்பந்தத்தை விரைவில் முடிக்க வேண்டிப் பெட்டகத்துப் பழைய பாடல்களைக் கம்பெனிக்குக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார். 1994-இல் வந்த 'கம்' என்னும் தொகுப்பின் உறையில், இறந்தவர் கல்லறையில் பொறிப்பதுபோல, பிரின்ஸ் 1958 – 1993 என்று அச்சிட்டிருந்தது. கறுப்புத் தட்டையும் கம்பெனி அந்த ஆண்டு நவம்பரில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வெளியிட்டது. கடைசித் தவணையாக 1996-இல் வந்த தட்டு, தம் சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்தவை என்னும் குறிப்போடு வந்தது. அதைக் கேட்டால், பாக்கியைத் தீர்க்கும் கடனாளியின் மனம் பாட்டிலும் தெரிகிறது.

விடுதலை பெற்ற அதே ஆண்டு நவம்பரில் 'இமான்ஸிபேஷன்' வெளிவந்தது. அமெரிக்காவில் அடிமைகள் விடுதலை பெற்ற வரலாற்றோடு இணைந்த சொல் அது. மூன்று தட்டுகள், ஒவ்வொன்றிலும் 12 பாடல், ஒவ்வொன்றும் சரியாக ஒரு மணி நேரம். பத்தாண்டுக்கு முன் மறுக்கப்பட்ட மூன்று தட்டுகளை இப்போது தம் விருப்பப்படி வெளியிட்டார். உள்ளதைச் சொன்னால், இரண்டு தட்டுகளில் முடித்திருக்கலாம். 1998-இல் பழைய பெட்டகப் பாடல்களைத் தொகுத்து, 'கிரிஸ்டல் பால்' என்னும் பழைய பெயரையே இட்டு, தொலைபேசியிலும் இணையத்திலும் நேரே விற்றார். முன்பணம் கட்டியவர் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தனர். சிலருக்குக் கடையில் கிடைத்த பிறகே அஞ்சலில் வந்தது. பொதி கட்டுவதும் அனுப்புவதும் எளிய வேலை என்று கலைஞர் நினைத்துவிடுகின்றனர். ஆனால் அதனோடு சேர்ந்து வந்த 'த ட்ரூத்' என்னும் தட்டு காத்திருப்புக்குத் தகுந்த பரிசு. பெரும்பாலும் வெறும் கிதாரும் குரலுமே அதில் உண்டு.

2000-ஆம் ஆண்டில் பதிப்புரிமை ஒப்பந்தமும் காலாவதியானபின் மீண்டும் பிரின்ஸ் என்னும் பெயரை ஏற்றார். 2002-இல் பியானோவும் குரலுமாக ஒரு தொகுப்பைத் தம் சங்க உறுப்பினருக்கு மட்டும் அனுப்பினார். 2003-இல் நான்கு திசைகளின் பெயரால் நான்கு கருவியிசை உருப்படிகள், ஒவ்வொன்றும் 14 நிமிடம், வெளியிட்டார். இவை கடைவீதியில் பெரிதாக விலைபோகவில்லை. விலைபோக வேண்டும் என்னும் கட்டாயமும் அப்போது அவருக்கு இல்லை.

தாய்ப்பதிவுகள் மட்டும் இன்னும் மீளவில்லை. இதற்கு ஒரு சட்டக் கதவு இருந்தது. 1976-இல் நிறைவேறிய அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, 1978 முதல் எழுதிக்கொடுத்த உரிமைகளை 35 ஆண்டு கழித்து ஆசிரியர் திரும்பக் கோரலாம். இசைப்பதிவுகள் கூலிக்குச் செய்த வேலை, ஆகவே இவ்விதி செல்லாது என்பது கம்பெனிகளின் வாதம். பிரின்ஸின் முதல் தட்டு 1978-இல் வந்தது. 35 ஆண்டு 2013-இல் நிறைவுற்றது. 2014 ஏப்ரலில் வார்னர் கம்பெனியும் அவரும் சமாதானமாயினர். பழைய தாய்ப்பதிவுகளின் உரிமை அவருக்கு மீண்டது. விற்கும் பொறுப்புக் கம்பெனியிடம் இருந்தது.

மீண்ட உடைமையை அவர் இரண்டு ஆண்டுகளே துய்த்தார். 2016 ஏப்ரல் 21-ஆம் நாள் பெய்ஸ்லி பார்க்கிலேயே, வலி நீக்கும் கொடிய மருந்தொன்று தவறி மிகுந்துபோனதால், 57-ஆம் வயதில் இறந்தார். உயில் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு நாடாவுக்கும் போராடிய ஒருவர், தமக்குப்பின் அவை என்னாக வேண்டும் என்று ஒரு தாளில்கூட எழுதாமல் போனது வியப்பாகவே இருக்கிறது. நீதிமன்றம் நியமித்த வங்கியார் பெட்டகத்தின் கதவைத் துளையிட்டுத் திறந்தனர். 2017-இல் நாடாக்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் காப்பகத்துக்குப் பெயர்ந்தன. உடன்பிறந்தோர் அறுவர் வாரிசுகள் என்று தீர்ப்பாயிற்று. பெட்டகத்து உரிமைகளை யுனிவர்சல் கம்பெனிக்கு 3 கோடியே 10 இலட்சம் டாலருக்கு விற்ற ஒப்பந்தம், வார்னருக்கு முன்னமே கொடுத்த உரிமையோடு மோதுகிறது என்று நீதிமன்றத்தால் அந்த ஆண்டே நீக்கப்பட்டது. 2022-இல் சொத்து முழுவதும் 15 கோடியே 64 இலட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்டு இரு பாகமாயிற்று. ஒரு பாகம் குடும்பத்தினர் சிலரும் அவருடைய பழைய ஆலோசகர்களும் சேர்ந்த அமைப்புக்கு. மறு பாகம், மற்ற வாரிசுகளிடமிருந்து பங்குகளை விலைக்கு வாங்கிய ஓர் இசைக் கம்பெனிக்கு.

பெட்டகம் திறந்ததால் நமக்குக் கிடைத்தவை பல. பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களை அவரே முதலில் பாடிய பதிவுகள் 2019-இல் வந்தன. 1990-இல் ஷினேட் ஓ'கானர் பாடி உலகெங்கும் ஒலித்த 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' 1984-லேயே இவர் குரலில் பதிவாகியிருந்தது. அந்தப் பாட்டு இவருடையது என்றே பலர் அறியார். 'சைன் ஓ த டைம்ஸ்' காலத்து வெளிவராத பாடல்கள் 40-க்கும் மேற்பட்டவை 2020-இல் வந்தன. 2010-இல் முடித்து வைத்துவிட்டு, காரணம் சொல்லாமல் உள்ளே போட்ட ஒரு முழுத் தொகுப்பு 2021-இல் வந்தது.

கறுப்புத் தட்டை நிறுத்தியவர் இவற்றை வெளியிட இசைந்திருப்பாரா? மாணவர் 'ரஃப் நோட்டு' என்று வழங்கும் ஏட்டை நான் ஒருபோதும் திருத்தக் கேட்டதில்லை. அது அவன் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் இடம். ஆனால் அந்த ஏட்டைத் தற்செயலாகப் புரட்டியபோது, நல்லெழுத்து ஏட்டில் காணாத அறிவு அங்கே கண்டதும் உண்டு. ஆகையால் கேட்கலாகாது என்று தடுக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் விற்றுத் தீர்க்கவேண்டும் என்பார் பக்கம் நிற்கவும் மனம் வரவில்லை.

2018-இல் வெளிவந்த ஒன்றை மட்டும் குறிப்பிட்டு முடிக்கிறேன். 1983-இல் தம் வீட்டில், ஒரு பியானோவின்முன் அமர்ந்து, சாதாரண கேஸட்டில் அவர் பதிவு செய்தது. ஒன்பது உருப்படிகள், மொத்தம் 35 நிமிடம். தொடக்கத்தில் பதிவாளரோடு அவர் பேசும் சில சொற்களும் அதில் உண்டு. பிறகு ஒரு பாட்டிலிருந்து மற்றொரு பாட்டுக்கு நிறுத்தாமல் செல்கிறார். ஊரறிந்த 'பர்ப்பிள் ரெயின்' பாட்டு, வெளிவருவதற்கு முந்தின ஆண்டிலேயே, ஒன்றரை நிமிடத்துக்குள் அங்கே வந்து மறைகிறது. கேட்பவர் யாரும் இல்லை என்று எண்ணியே அவர் அதனைப் பாடியிருக்கிறார்.